எல்லை கடந்த மட்டை: சி. கே. நாயுடுவின் வரலாறு

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ் மக்களுக்கு 'எல்லை' என்னும் சொல் பழகிய சொல். ஒரு காலத்தில் வடஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராக விளங்கியது சித்தூர். 1911 ஏப்ரல் 1-ஆம் நாள் அது தனி ஜில்லாவாயிற்று. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூரும் திருப்பதியும் சென்னை மாகாணத்தினின்று பிரிந்து அதனுடன் சேர்ந்தன. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. 2022-இல் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. பாட்டனார் கட்டிய அதே வீட்டில், அதே திண்ணையில் அமர்ந்தபடியே, ஒரு மாநிலத்தாராக இருந்தவர் மற்றொரு மாநிலத்தாரானார். வீடு பெயரவில்லை, எல்லைதான் பெயர்ந்தது.

பம்பாயிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் நாகபுரியிலும் குடியேறிய தமிழரின் கதை இதற்கு மறுதலை. அங்கே எல்லை அசையவில்லை, மனிதர் பெயர்ந்தனர். எவ்வகையாயினும் கேள்வி ஒன்றுதான். முன்னோர் மண்ணை விட்டு அயல்மொழி வழங்கும் ஊரில் வாழ்கின்றவன் எந்த ஊருக்கு உரியவன்?

இக்கேள்விக்கு ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கையிலிருந்து விடை தேட முற்படுகின்றோம். விளையாட்டிலும் 'எல்லை' உண்டு. கிரிக்கெட் மைதானத்தைச் சுற்றி வரைந்த எல்லைக் கோட்டை, பந்து நிலத்தைத் தொடாமல் கடந்து விழுந்தால் ஆறு ரன்கள். அந்த 'ஸிக்ஸர்' என்னும் அடிக்கு இந்தியாவில் முதன்முதலாகப் பெரும்புகழ் தேடித் தந்தவர் கர்னல் சி. கே. நாயுடு. தெலுங்குக் குடும்பத்திலே தோன்றி, மராத்தியும் இந்தியும் வழங்கும் நாட்டிலே வளர்ந்து, தம் முதுமையில் புதிய ஆந்திர மாநிலத்துக்காகவும் மட்டை பிடித்தவர் அவர்.

ஓங்கி அடிப்பவனைக் கண்டு மகிழ்வது எந்நாட்டு மக்களுக்கும் இயல்பு. நம் சிறுவர் கிட்டிப்புள் ஆடுகையில், புள் எத்தனை கோல் தொலைவில் விழுந்தது என்று அளந்து பார்ப்பதிலேதான் ஆட்டத்தின் சுவை முழுதும் இருக்கின்றது. சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளைகள் அதனையே பில்லங்கோடு என்பர். பெயர் வேறு, புள் பறக்கும்போது எழுகின்ற ஆரவாரம் ஒன்றே.

அமெரிக்க மக்களின் தேசிய விளையாட்டாகிய பேஸ்பாலிலும் இவ்வாறே. பந்தை வேலிக்கு அப்பால் அடித்து விரட்டுவதை அவர்கள் 'ஹோம் ரன்' என்பர். அக்கலையில் மன்னராகத் திகழ்ந்த பேப் ரூத் 1895 பிப்ரவரி 6-ஆம் நாள் பால்டிமோர் நகரில் பிறந்தார். ஏழு வயதிலே சீர்திருத்தப் பள்ளி ஒன்றில் சேர்க்கப்பட்ட அந்த ஏழைச் சிறுவர், 1927-இல் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன்கள் அடித்து உலகை வியக்க வைத்தார். வாழ்நாள் கணக்கு 714. நம் நாயுடு பிறந்ததும் அதே 1895-ஆம் ஆண்டில்தான். அக்டோபர் 31-ஆம் நாள், நாகபுரியில். இருவரும் ஆடிய ஆட்டங்கள் வேறு. ஆயினும் ஒரே ஆண்டிலே தோன்றிய அவ்விருவரும், தத்தம் ஆட்டத்தைத் தற்காப்புக் கலையினின்று தாக்குதல் கலையாக மாற்றியவர்கள்.

கோட்டாரி கனகய்ய நாயுடு என்பது அவருடைய முழுப்பெயர். முன்னோர் கிருஷ்ணா நதி கடலோடு கலக்கும் பகுதியிலுள்ள மசூலிப்பட்டினத்துத் தெலுங்கர். பாட்டனார் காலத்திலேயே குடும்பம் வடக்கே பெயர்ந்தது. தந்தையார் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் பயின்றவர். பிழைப்பைத் தேடிப் போன குடும்பம், போன இடத்திலே கல்வியால் வேரூன்றிற்று. இன்று வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலர்க்கும் இவ்வரலாறு தம் வீட்டு வரலாறு போலவே தோன்றும்.

நாகபுரிப் பள்ளிகளில் ஆடிப் பெயரெடுத்த நாயுடு, 1916-இல் பம்பாய் நாற்கட்சிப் போட்டியில் முதன்முதலாகப் பெரிய ஆட்டம் ஆடினார். அப்போட்டியின் அமைப்பை இன்றைய இளைஞர் அறிந்துகொள்வது நன்று. ஐரோப்பியர், பார்ஸிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று மதத்தாலும் இனத்தாலும் பிரிந்த நான்கு அணிகள் அதில் மோதின. ஊருக்கோ மாகாணத்துக்கோ அதில் இடமில்லை. இந்து அணியில் ஏழு விக்கெட்டுகள் வீழ்ந்த நெருக்கடியான வேளையில் இளைஞர் நாயுடு மட்டையுடன் புகுந்தார். முதல் மூன்று பந்துகளை அடக்கத்தோடு தடுத்தார். நான்காவது பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்தது. முதல்தர ஆட்டத்தில் அவர் எடுத்த முதல் ரன்களே ஸிக்ஸராக அமைந்தன.

அக்காலத்தில் ஸிக்ஸர் எத்துணை அரிது என்பதையும் நினைவில் கொள்ளல் வேண்டும். மைதானத்தை விட்டே பந்து வெளியேறினாலன்றி ஆறு ரன் கிடையாது என்னும் பழைய வழக்கு, இங்கிலாந்தில் 1910-இல்தான் மாறியது. பந்தைத் தரையோடு தரையாக அடிப்பதே நல்லாட்டம், உயர்த்தி அடிப்பது கட்டுப்பாடற்ற செயல் என்று ஆசான்மார் போதித்த காலம் அது. நெடிய உருவமும் நிமிர்ந்த தோளும் உடைய நாயுடு, அப்போதனையை முரட்டுத்தனத்தால் மீறினாரில்லை. பந்து விழும் இடத்துக்குக் கால் பாய்ந்து சென்று, மட்டையை நேராகவும் முழுமையாகவும் வீசி அடிப்பது அவர் முறை. வலிமையோடு கணிப்பும் அதில் இருந்தது.

1926-ஆம் ஆண்டு ஆர்தர் கில்லிகன் தலைமையில் எம். சி. சி. எனப்படும் ஆங்கிலேயக் கழகத்தின் அணி இந்தியாவுக்கு வந்தது. இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆட்டங்கள் ஆடிப் புகழ்பெற்ற வீரர் பலர் அதில் இருந்தனர். பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் இந்து அணியை எதிர்த்து அவர்கள் 363 ரன்கள் குவித்தனர். கை ஏர்ல் என்னும் ஆங்கிலேயர் மட்டும் 8 ஸிக்ஸர்களுடன் 130 ரன்கள் விளாசினார். வந்த துரைமார் அடிப்பதையும் உள்ளூரார் பந்து பொறுக்குவதையும் கண்டுகொண்டிருந்த மக்கள், மறுநாளாகிய டிசம்பர் 1-ஆம் தேதி வேறொரு காட்சியைக் கண்டனர்.

மூன்று விக்கெட்டுகள் வீழ்ந்த நிலையில் நாயுடு ஆடுகளம் புகுந்தார். அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் 153 ரன்கள் எடுத்தார். அதில் 13 பவுண்டரிகள், 11 ஸிக்ஸர்கள். செய்தி நகரெங்கும் பரவப் பரவ, அலுவலை விட்டும் கடையை விட்டும் மக்கள் மைதானத்தை நோக்கி விரைந்தனர் என்பர். பந்து ஜிம்கானாவின் கூரை மீதும் போய் விழுந்தது. இந்துக்கள் 356 ரன்கள் எடுத்தனர். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஆயினும் அன்று பம்பாய் மக்கள் வீடு திரும்பியது வெற்றி பெற்றவர்கள் போலத்தான். வந்த விருந்தினரும் மனம் திறந்து பாராட்டி, நாயுடுவுக்கு ஒரு வெள்ளி மட்டையைப் பரிசளித்தனர்.

அந்த ஜிம்கானா ஆங்கிலேயருக்கே உரிய சங்கம். அதன் உறுப்பினர் மாளிகை இந்தியருக்குத் திறந்திருந்ததில்லை. உள்ளே நுழைய உரிமையில்லாத மாளிகையின் கூரையை ஓர் இந்தியர் அடித்த பந்து தொட்டது. அதன் பொருளை அன்று பார்த்திருந்தவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த ஓர் ஆட்டத்தால்தான் இந்தியாவுக்கு டெஸ்ட் தகுதி கிட்டிற்று என்று கூறுவோர் உண்டு. அது மிகை. பல நாட்டுக் கிரிக்கெட் மாநாட்டில் இந்தியாவுக்கு இடமளிக்கும் பேச்சு அதே ஆண்டின் மே மாதத்திலேயே நடந்தேறியிருந்தது. ஆனால் இந்தியர் தமக்கென ஒரு வாரியம் அமைத்துக்கொண்டால் ஆதரவு தருவதாகக் கில்லிகன் முன்வந்ததற்கு, அவ்வணி இங்கே கண்ட ஆட்டமே காரணம் என்பதில் ஐயமில்லை. 1928 டிசம்பரில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் தோன்றியது. 1932-இல் இந்திய அணி இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

அவ்வணிக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் போர்பந்தர் மகாராஜா. துணைத் தலைவர் லிம்டி சமஸ்தானத்தின் கன்ஷியாம்சிங்ஜி. சாமானியர் ஒருவர் தலைமையில் சமஸ்தானத்து வீரர்கள் ஆடுவதா என்னும் எண்ணம் மேலோங்கியிருந்த காலம் அது. போர்பந்தர் மகாராஜா தம் ஆட்டத்திறமையின் அளவை நன்கு உணர்ந்து தாமாகவே ஒதுங்கி நின்றார். அவருடைய பெருந்தன்மையை நாம் மறத்தலாகாது. லிம்டியார் காயமுற்றிருந்தார். ஆகவே 1932 ஜூன் 25-ஆம் நாள் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் ஆட்டத்துக்குத் தலைமை தாங்கும் பேறு நாயுடுவுக்குக் கிட்டியது. இந்த ஏற்பாட்டுக்கு அணியிலேயே சிலர் மனம் ஒப்பவில்லை என்று வரலாற்றாசிரியர் எழுதுவர்.

அன்று களமிறங்கிய பதினொருவரை நோக்குங்கால் ஒரு வியப்பு தோன்றும். இந்துக்கள் நால்வர், முஸ்லிம்கள் நால்வர், பார்ஸிகள் இருவர், சீக்கியர் ஒருவர். அந்தச் சீக்கியராகிய லால் சிங் மலாயாவிலே பிறந்து வளர்ந்தவர். பம்பாயில் மதத்தின் பெயரால் எதிரெதிரே நின்று ஆடியவர்கள், அயல்நாட்டு மண்ணிலே ஒரே அணியாக நின்றனர். முகமது நிஸாரின் வேகத்துக்கு இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர் இருவர் வீழ்ந்தனர். லால் சிங் ஓடி எறிந்த பந்தில் பிராங்க் உல்லி ரன் அவுட்டானார். 19 ரன்களுக்கு 3 விக்கெட்டுகள்! அரங்கம் திகைத்தது. ஆயினும் இங்கிலாந்துத் தலைவர் ஜார்டைன் இரு இன்னிங்ஸிலும் உறுதியுடன் நின்று ஆட்டத்தை மீட்டார். இந்தியா 158 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது. பந்து பிடிக்கும்போது கையில் அடிபட்டிருந்த நாயுடு, அந்த வலியோடு ஆடி எடுத்த 40 ரன்களே முதல் இன்னிங்ஸில் இந்தியரில் எவரும் எடுத்தவற்றுள் மிகுதியானது.

அந்தச் சுற்றுப்பயணத்தின் முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்த ரன்கள் 1,618, சதங்கள் ஐந்து, வீழ்த்திய விக்கெட்டுகள் 65. அடித்த ஸிக்ஸர்கள் 32. எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் வார்விக்ஷயர் அணிக்கு எதிராக 162 ரன்கள் எடுத்தபோது, ஒரு பந்து மைதானத்தை ஒட்டியோடும் ரீ என்னும் சிற்றாற்றைத் தாண்டி விழுந்தது. அந்த ஆறே அந்நாளில் இரு கவுண்டிகளுக்கு எல்லையாதலால், வார்விக்ஷயரில் அடித்த பந்து வூஸ்டர்ஷயரில் விழுந்தது என்று சொல்லி மகிழ்வர். 1933-ஆம் ஆண்டின் விஸ்டன் மலர் அவ்வாண்டின் சிறந்த ஐந்து வீரருள் ஒருவராக நாயுடுவைத் தேர்ந்தது. ரஞ்சித்சிங்ஜி முதலியோர் முன்னரே அப்பெருமை பெற்றிருந்தனர். ஆனால் அவர்கள் இங்கிலாந்தின் அணிகளுக்காக ஆடியவர்கள். இந்திய அணிக்காக ஆடி அதனைப் பெற்றவருள் முதல்வர் நாயுடுவே.

தென்னகத்துக்கும் அவருக்கும் உள்ள உறவைச் சிறிது காண்போம். சென்னையில் இந்தியர் கிரிக்கெட்டுக்கு வித்திட்டவர் புச்சி பாபு நாயுடு. அவரும் தெலுங்குக் குடும்பத்தவரே. அவர் வித்திட்ட சென்னைப் பிரஸிடென்ஸி ஆட்டங்களில், ஐரோப்பியரை எதிர்த்த இந்தியர் அணியில் சி. கே. நாயுடுவும் ஆடியதுண்டு. 1933-34 பருவத்தில் ஜார்டைன் தலைமையில் இங்கிலாந்து அணி இந்தியா வந்தபோது, மூன்று டெஸ்டுகளுக்கும் நாயுடுவே தலைவர். பம்பாயில் லாலா அமர்நாத் இந்தியாவின் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தபோது, மறுமுனையில் நின்று 67 ரன்கள் எடுத்துத் துணைபுரிந்தவர் நாயுடு. கல்கத்தா டெஸ்டில் அவர் தலைமையில் களமிறங்கிய எம். ஜே. கோபாலன், கிரிக்கெட், ஹாக்கி ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடிய சென்னைத் தமிழர். 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த மூன்றாவது டெஸ்ட், சென்னை கண்ட முதல் டெஸ்ட் ஆட்டம். அமர் சிங் 7 விக்கெட்டுகள் வீழ்த்தியும், இந்தியா 202 ரன்களில் தோற்றது. நாயுடு இந்தியாவுக்குத் தலைமை தாங்கிய கடைசி டெஸ்டும் அதுவே.

1936-இல் இங்கிலாந்து சென்ற அணிக்கு விஜயநகரம் மகாராஜகுமாரர் தலைவரானார். ஆட்டத்திறமையால் அவர் அவ்விடத்தை அடையவில்லை என்பதை அக்காலத்தவரும் அறிவர், பின்வந்தவரும் அறிவர். நாற்பது வயதான நாயுடு சாதாரண ஆட்டக்காரராகச் சென்றார். தலைமை பறிபோன மனக்குறை இருந்திருக்கலாம். மட்டை அதனைக் காட்டவில்லை. ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்ட். இங்கிலாந்துத் தலைவர் ஆலன் வீசிய வேகப்பந்து உடலில் கடுமையாகத் தாக்கியது. நாயுடு களத்தை விட்டு வெளியேறாமல் நின்று 81 ரன்கள் எடுத்தார். டெஸ்ட் ஆட்டங்களில் அவருடைய உயர்ந்த எண்ணிக்கை அதுவே. அதன்பின் அவர் டெஸ்ட் ஆடவில்லை.

ஏழே டெஸ்டுகள், 350 ரன்கள், சராசரி 25, ஒரு சதமும் இல்லை. இந்த எண்களை மட்டும் பார்க்கும் இளைஞர் ஒருவர், இவரையா பெரிய வீரர் என்கின்றீர் என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடும் வாய்ப்பு வந்தபோது அவருக்கு வயது 36. பேப் ரூத்துக்குப் பத்தொன்பது வயதிலேயே பெரிய அரங்கம் திறந்தது. ஆண்டுதோறும் பல ஆட்டங்கள் கிடைத்தன. நாயுடுவின் இளமை, அரங்கம் கட்டப்படுவதற்கு முன்பே கழிந்தது. அவ்வரங்கத்துக்குக் கல் சுமந்தவருள் அவரும் ஒருவர். கல் சுமந்தவனை, வீட்டில் அவன் எத்தனை நாள் குடியிருந்தான் என்று எண்ணி அளத்தல் முறையாகுமா?

இனி அவர் வாழ்வின் மற்றொரு பகுதிக்கு வருவோம். 1923-இலேயே இந்தூர் மன்னர் ஹோல்கார் அவரைத் தம் சமஸ்தானத்துக்கு அழைத்துப் படையில் காப்டன் பதவி அளித்திருந்தார். 'கர்னல்' என்னும் பட்டம் பின்னர் வந்தது. மன்னரின் ஆதரவில் வாழ்ந்தவர்தாம் அவரும். சமஸ்தானங்கள் ஒருபுறம் தகுதியற்ற தலைவர்களை ஆட்டத்தின் மேல் சுமத்தின. மறுபுறம் தகுதியுள்ள வீரர்களுக்குச் சோறும் பதவியும் அளித்துக் காத்தன. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு நேராக நிற்கும்.

மாகாண அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை 1934 நவம்பரில் சென்னைக்கும் மைசூருக்கும் சேப்பாக்கத்தில் நடந்த ஆட்டத்தோடு தொடங்கியது. அதன் முதல் பந்தை வீசியவரும் நாம் மேலே கூறிய கோபாலனே. மதத்தின் பெயரால் பிரிந்து ஆடும் பழைய முறை 1946-உடன் ஓய்ந்தது. நாடு, ஊரின் பெயரால் ஆடப் பழகிக்கொண்டது. இப்புதிய முறையிலேதான் நாயுடுவின் முதுமை ஒளிர்ந்தது. 1945 முதல் 1953 வரை அவர் தலைமையில் ஹோல்கார் அணி எட்டு முறை இறுதி ஆட்டத்துக்கு வந்து, நான்கு முறை கோப்பையை வென்றது.

முதல் இறுதி ஆட்டத்தில் பம்பாய் அணி, வெல்வதற்கு 867 ரன்கள் என்னும் மலையை முன்னே நிறுத்தியது. ஹோல்கார் அணி அஞ்சி ஒடுங்காமல் 492 ரன்கள் வரை ஏறிப் பார்த்தே தோற்றது. மறு பருவத்தில் மைசூருக்கு எதிராக 8 விக்கெட் இழப்புக்கு 912 ரன்கள் குவித்தனர். ஒரே இன்னிங்ஸில் ஆறு பேர் சதமடித்தனர். அறுவருள் ஒருவர் அணித்தலைவர். தொடர்ந்து பரோடாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் நாயுடு 200 ரன்கள் எடுத்தார். அப்போது அவர் ஐம்பது வயதைக் கடந்தவர்.

1951-52 பருவத்தில் பம்பாயின் தத்து பட்கர் வீசிய பந்து வாயில் பட்டுப் பற்கள் உடைந்தன. ஐம்பத்தாறு வயதுக்காரர் ஆடுகளத்தில் விழுந்த பற்களை ஒதுக்கிவிட்டு, அடுத்த பந்தை வீசுமாறு சைகை காட்டினார். இத்தகைய நெஞ்சுரத்தைத் தம் அணியினரிடமும் அவர் எதிர்பார்த்தார். கண்டிப்பு மிக்கவர், சிறு பிழையையும் பொறாதவர் என்று அவரிடம் மனத்தாங்கல் கொண்டோரும் உண்டு. தமக்கு விதித்துக்கொண்ட விதியையே பிறர்க்கும் விதித்தார் என்பது அவரை அறிந்தோர் கூறும் சமாதானம்.

இப்பொழுது தொடங்கிய இடத்துக்கு அருகே வந்துவிட்டோம். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் உதயமாயிற்று. சித்தூரும் திருப்பதியும் அதன் தென்கோடியாயின. அதே 1953-54 பருவத்தில் ஆந்திர அணி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையில் இறங்கியது. புதிய மாநிலம், புதிய அணி, அனுபவமற்ற இளைஞர்கள். அவர்களுள் ஒருவராக நின்று ஆட ஐம்பத்தெட்டு வயதான சி. கே. நாயுடு வந்தார். பாட்டனார் விட்டுச் சென்ற மண், பேரனின் மட்டையைப் பெற்றது.

ஆந்திர மண்ணுக்கு அவர் ஆடியது அந்த ஒரு பருவம்தான். வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் கொடுத்தது இந்தூருக்கு. பின்னர் உத்தரப்பிரதேசத்துக்கும் ஆடினார். அறுபத்தொன்றாம் வயதில், 1956-57 பருவத்தில், அவ்வணிக்காகக் களமிறங்கி ராஜஸ்தானுக்கு எதிராக 84 ரன்கள் எடுத்தார். இந்தியாவின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளருள் ஒருவராகிய வினூ மன்கட்டின் பந்துகளையும் ஸிக்ஸராக விரட்டினார். இந்திய அரசு 1956-இல் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. 1963-இல், அறுபத்தெட்டு வயதில், தாம் பிறந்த நாகபுரியில் ஒரு நன்கொடை ஆட்டத்தில் கடைசியாக மட்டை பிடித்தார். 1967 நவம்பர் 14-ஆம் நாள் இந்தூரில் மறைந்தார். முதல்தர ஆட்டங்கள் 207, ரன்கள் 11,825, சதங்கள் 26, விக்கெட்டுகள் 411. இவை அவர் விட்டுச்சென்ற கணக்கு.

பேப் ரூத் நாற்பது வயதில், 1935-இல், ஆட்டத்தை விட்டார், 1948-இல் மறைந்தார். அதே ஆண்டில் பிறந்த நம் வீரர், ரூத் மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் களத்தில் நின்றார்.

நேயர்களே, நாயுடு எந்த ஊர்க்காரர்? நாகபுரியார் எங்கள் ஊர்ப் பிள்ளை என்பர். இந்தூரார் எங்கள் கர்னல் என்பர். ஆந்திரர் எங்கள் குலக்கொழுந்து என்பர். மூவர் கூற்றும் மெய்யே. ஒன்று மற்றொன்றை மறுக்கவில்லை. தம் பெயரோடு இருந்த தெலுங்கு அடையாளத்தை அவர் எந்த ஊரிலும் மறைத்துக்கொள்ளவில்லை. அவ்வடையாளத்தைக் காட்டி எந்த ஊரிலும் தனித்து நிற்கவும் இல்லை. எந்த ஊர் மட்டையைக் கையில் கொடுத்ததோ அந்த ஊருக்கு முழு வலிமையோடு அடித்தார். உரிமை கேட்டு வாங்கியதாக அவர் வரலாற்றில் காண்பது அரிது. உழைப்பினாலே அவ்வுரிமை அவரை வந்து சேர்ந்தது.

1973-74 முதல் அவர் பெயரால் இளைய வீரருக்கென ஒரு கோப்பைப் போட்டி நடைபெறுகின்றது. மாநிலங்களின் இளைஞர் அணிகள் அதில் மோதுகின்றன. வேலூரில் வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டு அணி. அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் சித்தூரிலோ திருப்பதியிலோ வளர்ந்த பிள்ளைக்கு, வீட்டில் தமிழே பேசினாலும், ஆந்திர அணி. அவ்விருவரும் எதிரெதிரே நின்று ஆடினாலும் வெல்ல விரும்புவது ஒரே பெயர் பொறித்த கோப்பையை. அயல்மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் தாய்மொழியை வீட்டிலே காத்துக்கொள்ளட்டும். வாழும் ஊரின் மைதானத்தில், அவ்வூரின் அணிக்காக, ஓங்கியும் அடிக்கட்டும். இவ்விரண்டும் ஒருங்கே இயலும் என்பதற்கு நாயுடுவின் வாழ்க்கையே சான்று.